நீலம் பச்சையாகும் வரை

“இத எங்கேருந்து திருடினீங்க?”

மழைக்கு ஒதுங்கி அந்தக் கடைக்குள் நுழைந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. லோகேஸ்வரி கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

கல்லாவுக்குப் பின்னால் நின்றவன் நிமிர்ந்தான். முழங்கை வரை மடித்த சட்டை, காதோரம் கொஞ்சம் நரை, கையில் ஒரு பெரிய ஸ்பானர். சுற்றிலும் சிவப்பு சிவப்பாய்த் தீயணைப்பு சிலிண்டர்கள் வரிசை கட்டி நின்றன.

“எதக்கா கேக்குறீங்க? சிலிண்டரா?”

“முதல்ல, நான் உங்களுக்கு அக்கா இல்ல. நரைச்ச முடி உங்களுக்குத்தான் இருக்கு. ரெண்டாவது, அந்த மீன் தொட்டி!”

அவள் விரல் நீண்ட இடத்தில், சுவரோரமாக, ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. தண்ணீர் கலங்கியிருந்தது. இலைகளின் மேல் கறுப்புப் பாசி முடி முடியாய்ப் படர்ந்திருந்தது. நடுவில் ஒரு மரக்கட்டை... அதில் பாசிச்செடியைச் சுற்றிக் கட்டியிருந்த நூல் ஊதா நிறம். கறுப்பு நூல் தீர்ந்துபோன ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து தம்பி கிஷன் சுட்டுக்கொண்டு ஓடிய அதே ஊதா நூல்.

“மிஸ்... அது நான் காசு கொடுத்து வாங்கினது. போன்ல விளம்பரம் பாத்தேன். சுகுமாறன்னு ஒரு அங்கிள். பிரிக்பீல்ட்ஸ்ல ஏத்திட்டு வந்தேன். வேணும்னா மெசேஜ் காட்டட்டுமா?”

சுகுமாறன் மாமா. அம்மாவின் தம்பி.

அவளுக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. வெளியே கிள்ளானின் கடைத்தெரு முழுக்கத் தீபாவளி விளக்குகள் மழையில் நனைந்து மினுங்கிக்கொண்டிருந்தன. முறுக்கு வாங்குகிறவர்களும் துணி வாங்குகிறவர்களுமாக நடைபாதையெங்கும் கூட்டம். இந்த வருடம் அவள் வீட்டுக்குத் தீபாவளி கிடையாது. சித்திரையில்தான், கூட்டரசு நெடுஞ்சாலையில், மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போன தம்பி திரும்பி வரவில்லை.

“என் தம்பியோடது,” என்றாள் மெதுவாக. “அவன் இப்ப இல்ல.”

அவன் ஸ்பானரைக் கீழே வைத்தான். ஒன்றும் சொல்லவில்லை. அப்படி ஒன்றும் சொல்லாமல் இருந்த முதல் மனிதன் அவன்தான் என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. எல்லோரும் ஏதாவது சொல்லிவிடுவார்கள். விதி என்பார்கள், நல்லவர்களைக் கடவுள் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்கிறார் என்பார்கள். இவன் ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டான். உள்ளே போய்ச் சூடாக ஒரு கிளாஸ் மைலோ கலக்கிக்கொண்டு வந்தான். அவ்வளவுதான்.

“எடுத்துட்டுப் போங்க மிஸ். லோரி இருக்கு, நானே கொண்டாந்து தரேன்.”

“முடியாது.” அவள் தலையசைத்தாள். “எங்கம்மாதான் விக்கச் சொன்னாங்க. நான் ஆபீஸ் போயிருந்தப்ப.”

கிஷனுடைய அறையில் தொட்டி விளக்கு தினமும் ஒரே நேரத்துக்குத் தானாக எரியும். அவன் அப்படி அமைத்து வைத்திருந்தான். அவன் போன பிறகும் அது எரிந்துகொண்டேயிருந்தது. கதவிடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் பையன் வந்துவிட்டான் என்று ஒரு கணம் தோன்றும். ஒவ்வொரு நாளும் அந்த ஒரு கணம்... பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அம்மா சுகுமாறன் மாமாவைக் கூப்பிட்டுத் தொட்டியைக் கொடுத்துவிட்டார்.

“சரி, எதுக்கு இத வாங்கினீங்க? மீன் வளர்க்கத் தெரியுமா?”

“தெரியாது.”

“செடி?”

“சுத்தமா தெரியாது. பாருங்க, இங்க எல்லாமே சிவப்பு. நாள் பூரா சிவப்பு. கண்ணுக்குக் கொஞ்சம் பச்சை வேணும்போல இருந்துச்சு.”

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கேலி செய்கிறானா என்று தேடினாள். இல்லை. மழை வெளிச்சம் விழுந்த அந்தக் கண்கள் தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன, கொஞ்சம் குற்ற உணர்வோடு.

“இத நீங்க பட்டினி போடுறீங்க, பாஸ்.”

“டெய்லி தீனி போடுறேனே!”

“மீனுக்கு இல்ல, செடிக்கு. விளக்க மட்டும் இவ்ளோ பளிச்சுனு போட்டா எப்படி? சோறு போடாம வேலை வாங்குற மாதிரி. அது சாப்பிடறது கார்பன் டைஆக்சைடு. அது பத்தலன்னா இலை சோர்ந்துடும். அப்புறம் அந்த இடத்துல பாசி வந்து உக்காந்துக்கும்.”

சாப்பாட்டு மேசையில் கிஷன் ஓயாமல் போதித்த பாடம் அது. அப்போதெல்லாம் அவள் போனைப் பார்த்தபடி ‘ம்’ கொட்டியிருக்கிறாள். இப்போது அவன் குரலே தன் வாயிலிருந்து வருவதுபோல் இருந்தது.

கடைக்காரன் வாய்விட்டுச் சிரித்தான்.

“என்ன சிரிப்பு?”

“மிஸ்... இந்தக் கடையில என் வேலையே என்ன தெரியுமா? சிலிண்டருக்குள்ள கார்பன் டைஆக்சைடு நிரப்புறதுதான்!”

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்த உடனே, யாரோ கையைத் தட்டிவிட்டதுபோல், உதட்டை மடித்துக்கொண்டாள்.

அவன் பெயர் சிவநேசன்.

*

அடுத்த சனிக்கிழமை அவள் ஒரு பெட்டியோடு வந்தாள். கே.எல். சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் ரயிலில், குழந்தையைப் பிடிப்பதுபோல் மடியில் பிடித்துக்கொண்டு வந்த பெட்டி. உள்ளே, சிலிண்டர் வாயுவைத் தொட்டிக்கு அளவாக விடும் ஒரு ரெகுலேட்டர். இரண்டு முள்மானிகளோடு, பித்தளை மின்ன. கிஷன் ஆசை ஆசையாக வாங்கி, பிரிக்காமலே அலமாரியில் வைத்திருந்தது. சிலிண்டரை மட்டும் அம்மா வீட்டுக்குள் விடவில்லை. “கேஸ் வெடிச்சு வீடு பத்திக்கும்” என்று ஒரே பிடிவாதம்.

“கார்பன் டைஆக்சைடு பத்திக்காதே!” என்றான் சிவநேசன். “நெருப்ப அணைக்கிறதே அதுதான்.”

“அவனும் அதத்தான் சொன்னான். அம்மா கேக்கல.”

அவளுக்குச் செடி தெரியும். அழுத்தம் அடைத்த சிலிண்டரைத் தொடப் பயம். அவனுக்கு சிலிண்டர் பழகின சிநேகிதன்; செடி தெரியாது. தொட்டிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

அவன் ஒரு சின்ன சிலிண்டரைச் சோதித்து, நிரப்பி, நிமிர்த்திச் சுவரோடு சங்கிலி போட்டு வைத்திருந்தான். “இத எப்பவும் படுக்க வைக்கக் கூடாது. உள்ள இருக்கறது திரவம். படுத்துச்சுன்னா அது நேரா ரெகுலேட்டருக்குள்ள பாஞ்சிடும்.” புது வாஷர் போட்டு ரெகுலேட்டரைப் பூட்டினான். அதிலிருந்த ஊசி வால்வை முழுக்க மூடச் சொல்லிவிட்டு, சிலிண்டரின் தலைத் திருகியை மெல்ல, மிக மெல்லத் திறந்தான். முள் துள்ளி எழுந்தது. அவளும் துள்ளிப் பின்னால் நகர்ந்தாள்.

“பயமா?”

“இல்ல... கால் மரத்துப் போச்சு.”

“ஆமா ஆமா, எல்லாருக்கும் அப்படித்தான் மரத்துப் போகும்.”

சோப்பு நுரையைப் பிரஷ்ஷில் தொட்டு மூட்டு மூட்டாகத் தடவினான். எங்கும் குமிழி கிளம்பவில்லை. கசிவில்லை. தண்ணீர் திரும்பி வராமலிருக்க ஒரு தடுப்பு வால்வு, குமிழிகளை எண்ண ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி, அதற்குப் பிறகு குழாய், குழாயின் நுனியில் கிஷன் வாங்கியிருந்த பீங்கான் வில்லை. அவள் அதைத் தொட்டியின் அடியில் பொருத்தினாள். சட்டைக் கை தோள்வரை நனைந்தது.

“இப்ப ஊசி வால்வ நீங்க திறங்க,” என்றான்.

“நானா?”

“உங்க தம்பியோடது. நான் எப்படித் திறக்கறது?”

அவள் வால்வைப் பிடித்தாள். ஒரு மயிரிழை திருகினாள். ஒன்றுமில்லை. இன்னொரு மயிரிழை... சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள் ஒரே ஒரு குமிழி பிறந்து, தயங்கி, மேலே போய் உடைந்தது. பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் பீங்கான் வில்லையிலிருந்து மூடுபனிபோல் மெல்லிய திரள் கிளம்பி, செடிகளுக்குள் நுழைந்து பரவியது.

இருவரும் கண்ணாடியருகே குனிந்து பார்த்தார்கள்.

“இனிமே இது,” என்று உறிஞ்சி ஒட்டும் ஒரு கண்ணாடிக் குடுவையை உள்ளே மாட்டினாள். அதில் நீல நிறத் திரவம். “இது பச்சையானா சரியான அளவு. மஞ்சளாச்சுன்னா ஆபத்து, மீனுக்கு மூச்சு முட்டும். நீலமாவே இருந்தா செடிக்குப் பத்தலன்னு அர்த்தம்.”

“எவ்ளோ நேரம் ஆகும்?”

“ரெண்டு மணி நேரமாச்சும் ஆகும்.”

“அது வரைக்கும்?”

“பாத்துட்டு உக்காந்திருக்கணும்.”

“நல்ல பொழுதுபோக்கு லா உங்க தம்பிக்கு!”

அவன் ரோட்டி சானாய் தாப்பாவ் வாங்கி வந்தான், சுடச்சுடப் பொட்டலமாக. சாப்பிட்டார்கள். அவள் கிஷனைப் பற்றிச் சொன்னாள். மீன் செத்தால் பூந்தொட்டியில் புதைத்துவிட்டு ஒரு வேளை சாப்பிடாமல் இருப்பான். அக்காவின் சம்பள நாளை அக்காவைவிட நன்றாக நினைவு வைத்திருப்பான். சிவநேசன் தன்னைப் பற்றிச் சொன்னான். அப்பாவும் அம்மாவும் கம்பாரில் அண்ணன் வீட்டில் இருக்கிறார்கள். பார்த்த பெண்கள் எல்லாம் “தீயணைப்பு சிலிண்டர் கடையா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

“அவங்க வீட்ல தீப்பிடிக்கட்டும்,” என்றாள் அவள்.

“ஐயோ, அப்பவும் நான்தான் போயி நிக்கணும்!”

நீலம் எப்போது மாறியதென்று இருவருமே பார்க்கவில்லை. திரும்பியபோது இளம் பச்சையாக இருந்தது.

*

அந்த ரெகுலேட்டரில் மின்சார வால்வு கிடையாது. விளக்கு அணைந்தால் வாயு தானாக நிற்காது. கையால்தான் காலையில் திறக்க வேண்டும், மாலையில் மூட வேண்டும். அதனால் தினமும் காலையில் அவள் போனுக்கு ஒரு செய்தி வரும்: ‘திறந்தாச்சு.’ மாலையில் இன்னொன்று: ‘மூடியாச்சு.’ கடை விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. இதற்காகவே கடைக்குப் போகிறானா? பங்சார் அலுவலகத்தில், காப்புறுதிக் கோப்புகளுக்கு நடுவில், அந்த ஒற்றைச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குள் என்னவோ செய்தது...

அம்மாவிடம் சனிக்கிழமை ஓவர்டைம் என்று சொல்லி வைத்திருந்தாள்.

செடிகள் தேறின. பழைய இலைகளை அவள் கத்தரிக்க, புதிய இலைகள் வந்தன. சிவப்புச் செடி நிஜமாகவே சிவந்தது. “இங்கயும் சிவப்பா!” என்று சிவநேசன் தலையில் கை வைத்தான்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை. ஷா ஆலம் தொழிற்சாலை ஒன்றுக்கு அவசரமாகச் சிலிண்டர் இறக்க வேண்டியிருந்தது. “ஒரு மணி நேரம், லோகா. கடைய பாத்துக்குங்க,” என்று போய்விட்டான். லோகா! மிஸ் எப்போது லோகா ஆனாள்? அவள் நாற்காலியைக் கடை வாசலில் போட்டு உட்கார்ந்தாள்.

வானம் இருண்டது. தூரத்தில் முதல் இடி உருண்டதும் அவள் யோசிக்கவேயில்லை. எழுந்து போய் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தாள். பிறந்ததிலிருந்து வீட்டில் அதுதான் பழக்கம். இடி என்றால் அம்மா முதலில் ஓடுவது மெயின் சுவிட்சுக்குத்தான். டி.வி. பிளக், இன்டர்நெட் பெட்டி பிளக், எல்லாம் கழற்றிவிட்டு இருட்டில் உட்கார்ந்து மழையைக் கேட்பார்கள்.

அவளும் வாசலுக்கு வந்து மழையைக் கேட்டாள். சரம் சரமாக விழுந்தது. சாரல் முகத்தில் பட்டது. அவன் இப்போது எங்கே ஜேமில் மாட்டியிருப்பான்? வைப்பர் போட்ட கண்ணாடி வழியே அந்தக் கண்கள் எப்படி இருக்கும்... நினைத்து நினைத்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு முதல் முறையாக, முழுசாக, சந்தோஷமாக இருந்தாள்.

உள்ளே விளக்கு அணைந்திருந்தது. ஃபில்டர் நின்றிருந்தது. வாயு மட்டும் நிற்கவில்லை.

ஒரு மணி நேரம் என்றவன் ஜேமைக் கடந்து வந்து சேர வெகுநேரம் ஆகிவிட்டது. நனைந்துகொண்டே உள்ளே ஓடியவன், “லோகா!” என்று கத்தினான்.

மீன்கள் எல்லாம் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. குடுவையில் மஞ்சள். அவன் சிலிண்டரை மூடினான். மெயினைத் தூக்கிவிட்டான். பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, குளோரின் நீக்கும் மருந்து கலந்து வைத்திருந்த புதுத் தண்ணீரைக் குவளையால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினான், மறுபடி மறுபடி, கை ஓயாமல். சில மீன்கள் அசைந்தன. சில அசையவில்லை. சின்ன நீலக் கோடு போட்ட நியான் மீன்கள். கிஷன் தன் கையால் விட்டவை.

“நானே கொன்னுட்டேன்...”

“லோகா, யாருக்கும் நடக்கறதுதான். நான் சொல்லிட்டுப் போயிருக்கணும்.”

“நான் சிரிச்சுட்டு உக்காந்திருந்தேன்!” அவள் குரல் உடைந்தது. “அது இங்க மூச்சுக்குத் தவிச்சப்ப, நான் வாசல்ல உக்காந்து சிரிச்சுட்டு இருந்தேன். ஒரு வருஷம்கூட ஆகல அவன் போயி. எனக்கு எதுக்கு சிரிப்பு?”

பையை எடுத்துக்கொண்டு மழையிலேயே நடந்துவிட்டாள்.

*

செய்திகள் வந்துகொண்டுதான் இருந்தன. ‘திறந்தாச்சு.’ ‘மூடியாச்சு.’ ஒரு நாள், ‘மத்த மீன் எல்லாம் நல்லா சாப்பிடுது.’ அவள் பதில் போடவில்லை. சனிக்கிழமைகள் வந்தன, போயின.

“ஓவர்டைம் இல்லையா?” என்று கேட்டார் அம்மா தனலெட்சுமி. தையல் மிஷினில் யாருடைய பொங்கல் சட்டையோ ஓடிக்கொண்டிருந்தது. துக்க வீட்டுக்குப் பொங்கல் இல்லை. ஊரார் துணி மட்டும் உண்டு.

“இல்லம்மா.”

“அப்ப எதுக்கு அழுவுற?”

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. தொட்டியைக் கண்டது, ரெகுலேட்டரை எடுத்துப் போனது, இடி, மெயின் சுவிட்ச், செத்த மீன்கள்... சொல்லி முடித்தாள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. தாய்க்கு அது சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டும்.

மிஷின் நின்றது. திட்டு விழும் என்று காத்திருந்தாள்.

“அது இன்னும் இருக்கா?” என்றார் தனலெட்சுமி. “நான் செத்திருக்கும்னு நெனச்சேன்.”

“இருக்கும்மா.”

“என்னக் கூட்டிட்டுப் போ.”

அடுத்த சனிக்கிழமை தாயும் மகளும் கொமுட்டரில் கிள்ளானுக்குப் போனார்கள். சிவநேசன் வாசலில் யாருக்கோ சிலிண்டர் ஏற்றிக்கொண்டிருந்தான். லோகேஸ்வரியைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. பின்னால் வந்தவரைப் பார்த்ததும் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

“வாங்க ஆன்டி.”

தனலெட்சுமி நேராகத் தொட்டியின் முன்னால் போய் நின்றார். மரக்கட்டை முழுக்கப் பாசிச்செடி அடர்ந்திருந்தது. மீன்கள் கூட்டமாகத் திரும்பி நீந்தின. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிலிண்டரைச் சுட்டிக் கேட்டார்.

“தம்பி, இது வெடிக்காதா?”

சிவநேசன் பக்கத்தில் வந்து நின்றான். “நிமிர்த்தி வச்சு, கட்டி வச்சு, காலாகாலத்துல சோதிச்சா ஒண்ணும் ஆகாது, ஆன்டி. நெருப்பும் பத்தாது.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

தனலெட்சுமி அந்தச் சிலிண்டரின் தலையில் உள்ளங்கையை வைத்தார்.

“ரெண்டு வருஷமா கேட்டான். வீட்டுக்குள்ள கொண்டு வராதன்னு கத்தினேன். மோட்டார் சைக்கிள் கேட்டப்ப... உடனே சரின்னேன்.”

லோகேஸ்வரி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். தாயும் மகளும் சேர்ந்து அழுதது அன்றுதான். அதுவரை ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல், தனித்தனி அறையில்தான் அழுதிருந்தார்கள்.

சிவநேசன் மைலோ கலக்கப் போனான்.

குடித்து முடித்து, முகம் துடைத்து, தனலெட்சுமி எழுந்தார். “எதுத்த கடையில பொத்தான் பாத்துட்டு வரேன். நீ மெதுவா வா, லோகா.” வாசலில் நின்று திரும்பினார். “தம்பி, நாங்க துக்க வீடு. விசேஷம் பேசுறதெல்லாம் வருஷத் திதி முடிஞ்ச பிறகுதான். ஆனா சோறு சாப்பிட வரக்கூடாதுன்னு ஒரு சாஸ்திரமும் இல்ல. அடுத்த வாரம் வீட்டுக்கு வா.”

அவர் போனதும் இருவருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

“பொத்தான் கடையா?” என்றான் அவன். “எதுத்தாப்புல இருக்கறது செருப்புக் கடையாச்சே...”

“தெரியும். எங்கம்மாவுக்கும் தெரியும்.”

அவன் சிரிக்கவில்லை. “லோகா, நான் ஒண்ணு சொல்லணும்னு...”

“நான் மொதல்ல.” அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லமாட்டோம் என்று தோன்றியது. “எனக்கு உங்கள புடிச்சிருக்கு. வாரத்துல அழுகை வராத ஒரே நாள் சனிக்கிழமைதான். அதுதான் எனக்குப் பயம்.”

“எதுக்குப் பயம்?”

“இப்படியே சந்தோஷமா இருந்துட்டா... அவன மறந்துடுவேனோன்னு.”

சிவநேசன் ஒரு அடி அருகில் வந்தான். அவள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். நனைந்த இமைகளுக்குக் கீழே, எப்போது வேண்டுமானாலும் விழக் காத்திருந்த இரண்டு துளிகள்.

“நான் கிஷன பாத்ததே இல்ல,” என்றான். “ஆனா அவன் எப்படிச் சிரிப்பான், எதுக்குக் கோபப்படுவான், எல்லாம் தெரியும். எப்படித் தெரியும்? நீங்க சொல்லித்தான். நீங்க அழுறப்ப அவனப் பத்தி ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்ல, லோகா. சிரிக்கறப்பதான் வாய் மூடாம சொல்வீங்க.”

அவள் தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

“எனக்கும் உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு. திதி முடியட்டும், எங்க வீட்டாளுங்களக் கூட்டிட்டு வரேன். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. ஆனா அவனப் பத்தி இன்னும் நிறைய கேக்கணும். ஆயுசு பூரா கேப்பேன். சொல்வீங்களா?”

துளிகள் விழுந்தன. அவள் துடைக்கவில்லை. அழுகையின் நடுவிலிருந்தே ஒரு சிரிப்பு, அடக்க அடக்கக் கேட்காமல், எட்டிப் பார்த்தது. இந்த முறை அவள் உதட்டை மடிக்கவில்லை.

“அவனுக்கு நீச்சலே தெரியாது... தெரியுமா?” என்று ஆரம்பித்தாள்.